பன்றி அறுக்கும் போதகர்

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை லொவினா டட்டன் சனிக்கிழமையே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிடுவார். கேட்பது பெரும்பாலும் ஒரு பன்றி. கழுத்தறுத்து, கொதிநீரில் முக்கியெடுத்து, பின்னங்கால்களில் கட்டை கோத்துத் தலைகீழாகத் தொங்கவிட்ட பன்றி. சுரண்டியால் மயிரை வழித்துக்கொண்டே பேசுவார். வாக்கியம் பிடிபடாவிட்டால் சுரண்டி நின்றுவிடும். மாற்றிச் சொல்லிப் பார்ப்பார். சரியாக அமைந்ததும் சுரண்டி மறுபடி ஓடும். போன நவம்பரில் பண்ணைக்காரர் ஒருவர் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு நான் ரெண்டு வரி சொல்றதுக்குள்ள நீங்க தூங்கிடுவீங்க. இவன் தூங்கமாட்டான்" என்றாராம் லொவினா, பன்றியின் வயிற்றைக் கீறிக்கொண்டே.

பிளம் ஹாலோவில் குளிர் இறங்கினால் அவரைக் கூப்பிடாத வீடு இல்லை. அவர் கத்திகளுக்குச் சாணை பிடிப்பது என் கொல்லுப்பட்டறையில். வாங்கியதும் தன் முன்கையில் வைத்து ஒரு இழு இழுப்பார். அங்கே இருக்கும் மெல்லிய ரோமம் உதிராவிட்டால் ஒன்றும் பேசாமல் திரும்ப என் கையில் கொடுத்துவிடுவார். கூலியாகத் தலையும் ஈரலும் வாங்கிக்கொள்வார். ஈரலை வெங்காயத்தோடு வதக்கி, மக்காச்சோள ரொட்டியோடு நின்றபடியே சாப்பிடுவார். உட்கார்ந்து அவர் சாப்பிட்டு நான் பார்த்தது இரண்டு கல்யாணங்களில் மட்டும்.

வெர்மான்ட் மலைப்பக்கத்திலிருந்து கணவரோடு நெப்ராஸ்காவுக்கு வந்தவர். வந்த இரண்டாம் குளிர்காலத்திலேயே கணவர் நெஞ்சுச்சளியில் போய்விட்டார். ஏரை விற்றார், கத்திகளை வைத்துக்கொண்டார். இப்போது அறுபதை நெருங்குகிறார். ஆண்களில் பாதிப்பேரைவிட உயரம். ஜெபிக்கும்போது கண்ணை மூடமாட்டார். கேட்டால், "மூடினா கோழி உள்ள வந்துடுது" என்பார். எங்கள் கோயில் புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டியது, கதவு சரியாகச் சாத்தாது. ஆகவே அது உண்மைதான். பாட்டு நேரத்தில் உதட்டை மட்டும் அசைப்பார். ஒரு முறை வாய்விட்டுப் பாடியபோது ஆர்மோனியம் வாசித்த பெண் திகைத்து நிறுத்திவிட்டாள். அதிலிருந்து சபையின் மீது இரக்கப்பட்டு அப்படிச் செய்கிறார்.

பிரசங்க மேடையில் அவர் போடுவது ஆண்கள் அணியும் நீளமான கறுப்புக் கோட்டு. கிழக்கேயுள்ள பணக்காரச் சபைகளின் பெண்கள் மிஷன் சங்கத்தின் வழியாக வருஷம் ஒரு பீப்பாய் நிறையப் பழந்துணி அனுப்புவார்கள், எங்களைப்போன்ற ஏழைச் சபையின் போதகர் குடும்பத்துக்காக. கோட்டு அப்படி வந்தது. அது வந்து சேர்ந்த வாரம் எங்கள் போதகர் பீஸ்லி ஊரைவிட்டுப் போய்விட்டார், கோட்டு லொவினாவிடம் தங்கிவிட்டது.

அவர்மேல் தப்பு இல்லை. மழை பொய்த்து, சோளம் கதிர்விடாமல் காய்ந்த வருஷம் அது. அவர் சம்பளத்தில் பாதியை நாங்கள் தானியமாகக் கொடுத்துவந்தோம், மீதிப் பாதியை மிஷன் சங்கம் கொடுத்தது. எங்களிடம் தானியம் இல்லை. சங்கமோ, ஆள் குறைந்த சபைகளுக்கு இனி உதவி இல்லை, பதினைந்து கல் தள்ளியிருக்கும் ரயிலடி ஊரான ஹார்மனின் சபையோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. சொல்ல வந்தவர் சங்கத்தின் மேற்பார்வையாளர் டாக்டர் ஹோரஸ் வின்ஷிப். அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தச் சமவெளியில் சபைகளை நட்டவரே அவர்தான். பனிப்புயலில் வண்டியோட்டி இடதுகையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவர். ஒரு ரொட்டியைப் பத்து வாய்க்குப் பிய்த்தால் பத்தும் சாகும் என்று கணக்குப்போட்டார். அன்று அவர் பேசி முடித்ததும் சபைக் காரியங்களைக் கவனிக்கும் எங்கள் டீக்கன் ஆன்சல் க்ரோவெல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். லொவினாதான் பின்வரிசையிலிருந்து கேட்டார்: "பதினஞ்சு கல்லு குளிர்ல கைக்குழந்தையோட எப்படிப் போறதுன்னும் சங்கம் சொல்லிச்சா டாக்டர்?" சங்கம் அதைச் சொல்லவில்லை.

நாங்கள் போகவில்லை. ஞாயிறுதோறும் கூடினோம். டீக்கன் ஆன்சல் அச்சிட்ட பிரசங்கம் ஒன்றை எடுத்து, ஆடு அசைபோடுவதுபோல வாசிப்பார். பெண்கள் சபையில் வாய்திறப்பது அவருக்கு ஆகாது. ஜெபக்கூட்டத்தில் லொவினா எழுந்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஜனவரியில் தொண்டை அடைப்பான் வந்தது. டீக்கனின் மகள் ஹல்டாவுடைய நாலு வயதுப் பெண் மெர்சி இறந்துபோனாள். ஹார்மன் போதகருக்கு ஆள் அனுப்பினோம். தன் வீட்டிலும் சின்னக் குழந்தைகள் இருப்பதால் நோய்வீட்டுக்கு வர இயலாது என்று வருத்தத்தோடு சொல்லியனுப்பினார். குழியைத் தோண்ட உறைந்த மண் விடவில்லை; மேலே நெருப்பு மூட்டி இளக்கித்தான் தோண்டினோம். பெட்டியை வைத்துவிட்டு நிற்கிறோம். டீக்கன் வேதத்தைத் திறந்தார், வாசிக்க வாய் வரவில்லை. ஹல்டா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "யாராவது ஏதாவது சொல்லுங்களேன். நாயைப் புதைக்கிற மாதிரி நிக்கிறீங்களே" என்றாள்.

லொவினா முன்னால் வந்தார். அந்தக் கறுப்புக் கோட்டை அன்றுதான் முதலில் போட்டிருந்தார். குளிருக்காகப் போட்டது, வேறு கோட்டு அவரிடம் இல்லை.

"ஹல்டா, இது ஏன்னு எனக்குத் தெரியல. தெரியும்னு யாராவது வந்து சொன்னா நம்பாத. கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்தப் புள்ள நேத்து மூச்சுக்குத் தவிச்சப்போ அவரும் அங்கதான் உக்காந்து அழுதிருப்பாரு. அதத்தான் நான் நம்புறேன். அத மட்டுந்தான் நம்புறேன்."

அவ்வளவுதான் பேசினார். பிறகு மண்வெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு டீக்கன் ஆன்சல் அச்சிட்ட பிரசங்கத்தை மூடியபடியே மேடையிலிருந்து இறங்கிவந்து, லொவினாவின் முன் நின்று, "நீயே பேசு" என்றார்.

வசந்தத்தில் டாக்டர் வின்ஷிப் வந்தார். லொவினா அச்சிட்டதை வாசிப்பதானால் வாசிக்கட்டும், ஆனால் மேடையில் நின்றல்ல, கீழே நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். லொவினா கேட்டுக்கொண்டார். "உக்காந்து பேசினா கடைசி வரிசையில காது மந்தமான ஹைரம் தாத்தாவுக்குக் கேக்காது. நின்னு பேசினா உங்களுக்குக் கோபம் வருது. தாத்தாவுக்குக் கேக்கட்டும் டாக்டர்" என்றார்.

ஆனால் பேச்சோடு முடிகிற காரியமா? பிறந்த குழந்தைகள் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தன. திருவிருந்து நடந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டையும் அபிஷேகம் பெற்ற போதகர்தான் நடத்த வேண்டும். ஹல்டா வயிற்றில் மறுபடி பிள்ளை. இந்தத் தடவை பிறந்ததும் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். ஆகவே லொவினாவையே போதகராக அபிஷேகம் செய்வது என்று சபை வாக்கெடுத்தது. வழக்கப்படி, அக்கம்பக்கத்துச் சபைகளின் கூட்டமைப்பிலிருந்து ஆலோசனைக் குழுவையும் அழைத்தோம்.

ஜூனில் வந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. டாக்டர் வின்ஷிப் நடுவில் உட்கார்ந்தார். மதியம் முழுக்க விசாரணை. போதகர்களில் ஒருவர், பெண்கள் சபையில் பேசலாகாது என்று அப்போஸ்தலர் பவுல் எழுதியிருக்கிறாரே என்றார். "பவுலும் அன்னிக்கு அடக்கத்துக்கு வரல. வந்திருந்தா நான் சும்மா நின்னிருப்பேன்" என்றார் லொவினா. ஹார்மன் போதகர் தரையைப் பார்த்தார்.

உங்களை இந்த ஊழியத்துக்கு அழைத்தது யார் என்று டாக்டர் வின்ஷிப் கேட்டார். அது எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. பதிலும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"ஹல்டா கூப்பிட்டா. அப்புறம் கர்த்தர் கூப்பிட்டாரு. வரிசை தப்புன்னா நீங்க மாத்தி எழுதிக்கலாம்."

கூடிப் பேச வேறு அறை இல்லாததால் குழு குதிரைக் கொட்டகைக்குப் போயிற்று. திரும்பி வரும்போதே அவர்கள் முகத்தில் தெரிந்துவிட்டது. அபிஷேகம் செய்ய வேண்டாம் என்பது குழுவின் முடிவு. டாக்டர் வின்ஷிப் அதை இதமாகவே சொன்னார். லொவினாவின் நல்ல உள்ளத்தைப் பாராட்டவும் செய்தார்.

லொவினா எழுந்தார். "ஒரு சந்தேகம் டாக்டர். இது கட்டளையா, ஆலோசனையா?"

டாக்டர் வின்ஷிப் பொய் சொல்லத் தெரியாதவர். எங்கள் சபைகளுக்குமேல் பேராயர் இல்லை, மன்றம் இல்லை; ஒவ்வொரு சபையும் தன் தலையெழுத்தைத் தானே எழுதிக்கொள்ளும். முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் அதைப் பிரசங்கித்தவர் அவரேதான்.

"ஆலோசனைதான்" என்றார்.

"கேட்டுக்கிட்டோம். ஆலோசனைக்கு ரொம்ப நன்றி."

டீக்கன் ஆன்சல் எழுந்து, சபை மறுபடி வாக்களிக்கலாம் என்றார். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் கை தூக்கினோம். தூக்காதவர்களும் இருந்தார்கள். லொவினா மண்தரையில் முழந்தாளிட்டார். தலையில் கைவைத்து ஜெபிக்க அபிஷேகம் பெற்றவர்கள் நிறையப்பேர் அங்கே இருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. டீக்கன் தன் கையை வைத்தார். ஹல்டா பெருத்த வயிற்றோடு நடந்துவந்து அப்பாவின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். நானும் போனேன். பட்டறைச் சூட்டில் காய்ப்பேறிய கை, அழுத்திவிடுவேனோ என்று பயந்துகொண்டே வைத்தேன்.

புறப்படும்போது டாக்டர் வின்ஷிப் வண்டியருகே நின்று லொவினாவிடம், கூட்டமைப்பின் பட்டியலில் இனி பிளம் ஹாலோ இருக்காது, சங்கத்திடமிருந்து ஒரு பீப்பாய்கூட வராது என்றார். மிரட்டவில்லை, துக்கம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"பரவாயில்ல டாக்டர். கடைசிப் பீப்பாயில ஒரு ஜோடி பட்டு டான்ஸ் செருப்பு வந்துது. இந்த ஊர்ல அது யாரு காலுக்கும் சேரல" என்றார் லொவினா.

சொன்னது சொன்னபடி நடந்தது. அதற்கான விலையை நாங்கள் கொடுத்தோம், இன்னும் கொடுக்கிறோம். வசதியுள்ள குடும்பங்கள் ஹார்மன் சபைக்குப் போய்விட்டன. டீக்கனின் சொந்த மகனே போய்விட்டான். அயோவாவுக்குக் கல்யாணமாகிப் போன எங்கள் பெண் ஒருத்தியை, பிளம் ஹாலோ என்ற பெயரில் சபையே கிடையாது என்று அங்கே சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அடுத்த ஆண்டு மழையில் கோயில் கூரையின் ஒரு பாதி உட்கார்ந்துவிட்டது. முன்பென்றால் மரக்கட்டிடத்துக்குச் சங்கம் கைகொடுத்திருக்கும். லொவினா பாவாடையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு புதுக் கூரைக்கு முதல் புல்மண் கட்டியை வெட்டினார். அந்தக் கூரை போன பனிக்காலத்தில் மறுபடி ஒழுகியது. ஒழுகிய இடத்துக்கு நேர்கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, அதன் சத்தத்துக்குமேல் குரலை உயர்த்திப் பேசினார். ஹல்டாவின் மகனுக்கு இப்போது இரண்டு வயது. பிறந்த மூன்றாம் நாளே லொவினா ஞானஸ்நானம் கொடுத்தார். அதை ஒப்புக்கொள்கிற சபை பிளம் ஹாலோவுக்கு வெளியே ஒன்றும் இல்லை. "குழந்தைக்கு அது தெரியாது, கர்த்தருக்கு அது பொருட்டில்ல" என்பார்.

கூட்டமைப்பின் ஆண்டுக்கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போவார். அழைப்பு வராது. வெளியாட்களுக்கென்று கதவோரம் போட்ட பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பெயர்ப்பட்டியல் வாசிப்பார்கள், பிளம் ஹாலோ வராது. வாசித்து முடிந்ததும் எழுந்து, "பிளம் ஹாலோ வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எழுத்தர் பேனாவை எடுக்கமாட்டார்.

இந்த மே மாதம் ஹார்மனில் கூட்டம். நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் வின்ஷிப் தலைமை. போன வருஷத்தைவிட மெலிந்திருந்தார், மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். பட்டியல் முடிந்தது, லொவினா எழுந்தார், சொன்னார். கதவருகே நின்ற புது உதவியாளர் ஒருவருக்கு இந்த வழக்கம் தெரியாது. சபைப் பிரதிநிதிகள் முன்னால் உட்காருவார்கள், இங்கே பேச உரிமையில்லை, வெளியாட்கள் பெஞ்சைவிட்டு எழக்கூடாது என்று பணிவாகக் காதோடு சொன்னார்.

"பெஞ்ச விட்டு எழக்கூடாதா" என்று கேட்டார் லொவினா. யோசித்தார். "சரி, விடல."

குனிந்து பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கினார். அறுத்த பன்றியைத் தனியாளாகக் கொக்கியில் மாட்டுகிற கைகள். முனை நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுமுனையைத் தூக்கினேன். நடுவழியில் கொண்டுபோனோம். இருபுறமும் கால்களை மடக்கிக்கொண்டார்கள். யாரோ இருமினார்கள். ஹார்மன் போதகர் எழுந்து தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒருபக்கம் நகர்த்தினார். பெஞ்சை மேசைக்கு முன்னால், பிரதிநிதிகளுக்கு நடுவே இறக்கினோம்.

லொவினா உட்கார்ந்தார். டாக்டர் வின்ஷிப் மேசை விளிம்பை இரண்டு விரலில்லாத கையால் பிடித்தபடி நின்றிருந்தார். லொவினா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் காலியான இடத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.