பெட்டிக்குள்ளிருந்து இரண்டு தட்டு

ஸ்பெயினில் பேய்ப்படங்களுக்காகவே கொண்டாடப்படும் நடிகர் அவர். எல்லாரும் பார்க்கும் ஒரு ஸ்பானிஷ் குடும்பப் படத்தில் ஒரு நிமிடம் தலைகாட்டத் துபாய் வந்திருந்தார். சவப்பெட்டியிலிருந்து எழுந்து சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெபல் அலியில் ஒரு கிடங்குக்குள் செட். நான் அங்கே பாதுகாப்புப் பொறியாளர். பெட்டியின் காற்றுத் துளை, கீல், தாழ்ப்பாள் மூன்றையும் சரிபார்த்திருந்தேன்.

நெடிய உடம்பு, குழி விழுந்த கன்னம். பெட்டியில் இறங்கும் முன் மூடியை உள்ளங்கையால் தடவிக்கொடுப்பார், முரட்டு மாட்டைச் சமாதானப்படுத்துவதுபோல.

"மூச்சு முட்டினால் இரண்டு முறை தட்டுங்கள்," என்று சொல்லியிருந்தேன்.

கேமரா ஓடியது. அவர் எழ வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. இரண்டு தட்டு கேட்டது, மிக மெல்ல. வேறு யாரும் அசையவில்லை. நான் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன்.

"நான் தட்டவே இல்லையே. இந்தப் பெண்தான் பயந்துவிட்டாள்," என்று எல்லாருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னார். சிரிப்பு எழுந்தது.

"என்ன தாயி, பேயப் பாத்துட்டியா?" என்றார் லைட்மேன், ராமநாதபுரத்து அண்ணன்.

பெட்டிக்குள்ளே அவருடைய கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. வியர்வையில் நனைந்திருந்தது.

மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மூடியைத் தடவிக்கொடுத்தார். படுத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நீ கவனித்துக்கொண்டேதானே இருப்பாய்?" என்றார்.

இருப்பேன் என்றேன்.

படம் வெளிவந்தபோது அந்தக் காட்சிக்குத் தியேட்டரில் எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி மூடியிருக்கும் அந்தச் சில நொடிகள், நான் மூச்சைப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.