பள்ளத்து வீட்டில் பொழுது கிளம்பும் நேரம்

வெயில் இன்னும் ஓட்டின் மேல்தான் நிற்கிறது. அது சுவருக்கு இறங்கி, சுவரிலிருந்து நிலைப்படிக்கு வர வேண்டும். யாரோ ஒருவர் வீட்டு வாசலில், காதை மூடிய பச்சைக் கம்பளித் தொப்பியும் சேலைக்கு மேல் புருஷனுடைய ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு, வேலுத்தாய் கழுத்தைத் திருப்பாமல் நிற்கிறாள். வீட்டுக்காரப் பெண் காபி டம்ளரை நீட்டுகிறாள்.

"அங்கிட்டு வச்சுட்டுப் போத்தா. நான் குனிஞ்ச நேரத்துல எறங்கிப்புடும்."

நிலைப்படியில் வெளிச்சம் பட்டதும் போனில் மணி பார்க்கிறாள். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்புகிறாள். எப்போதோ அந்த வீட்டில் பிறந்து, இப்போது திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் ஒருவருக்கு இன்றுதான் பிறந்த நேரம் கிடைத்திருக்கிறது.

வேலுத்தாய்க்குத் தொழில் இரண்டு. பெருமாள்மலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மலைப்பூண்டுக் கடை; அதே கடையில் ஜோசியம். ஜோசியம் தபால் வழியில் படித்தது. சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் தராசுக்குப் பின்னால் தொங்குகிறது. பூண்டுத் தோல் தூசி படிந்த அதில் பெயரை மட்டும் அவ்வப்போது துடைத்து வைத்திருக்கிறாள். கணக்குப் போடப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. போன் இருக்கிறது. "கணக்கெல்லாம் இது போட்டுரும். பொழுதை இது பாக்காதுல்ல? அதுக்குத்தேன் நான் போறேன்."

அவள் போவதன் காரணம் எளிமையானதுதான். குழந்தை பிறக்கும்போது கிழக்கில் எந்த ராசி எழுகிறதோ அது லக்கினம். அதுவே முதல் வீடு. அதிலிருந்து எண்ணினால்தான் மற்ற வீடுகள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லக்கினம் அடுத்த ராசிக்கு நகரும். அது நகர்ந்தால் பன்னிரண்டு வீடுகளும் சேர்ந்து நகர்ந்துவிடும். மலையில் முன்பெல்லாம் பிரசவம் வீட்டில். கடிகாரம் பார்த்தவர் யாருமில்லை. 'பொழுது கெளம்பையில பொறந்துச்சு' என்று அடிவாரத்தில், பழனியில் போய்ச் சொல்வார்கள். அங்கே ஜோசியர் பஞ்சாங்கத்தில் இருக்கும் சூரிய உதயத்தை எடுத்துக்கொண்டு கட்டம் போட்டுக் கொடுப்பார். ஆனால் வடகவுஞ்சிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு நேர் கிழக்கே ஒரு மலை. கீழே ஊரெல்லாம் குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போன பிறகுதான் அங்கே பொழுது கிளம்பும்.

"அவுக மேல தப்புச் சொல்லக்கூடாது," என்பாள். "பழனியில சூரியனை மறைக்கிற எடத்துல அவுகளுக்கு மலை இல்ல. நம்மதேன் எந்த வாசல்ல நின்னு பாத்தோம்னு சொல்லியிருக்கணும்."

பிறந்த அதே தமிழ் மாதத்தில்தான் போவாள். மாதம் மாறினால் சூரியன் மலையில் ஏறும் இடமும் மாறும். ஆடியில் கேட்டு வந்தவரைத் தை வரைக்கும் காக்க வைத்திருக்கிறாள். கடையில் பூண்டு நிறுத்துக்கொண்டிருக்கும் புருஷன் திருமலைச்சாமி வருகிறவர்களிடம் சொல்வார்: "எந்த ஊர்ல எந்த வாசல்ல எப்ப வெயில் வரும்னு இவளுக்குத் தெரியும். நம்ம வீட்டு அடுப்புல எப்ப சோறு வேகும்னு மட்டும் கேட்டுராதீக."

மேஜை என்பது ஒரு பலகை. அதில் சாக்பீஸால் சதுரம் போட்டு ஓரங்களில் பன்னிரண்டு கட்டம் கிழிப்பாள். கிரகங்களுக்குப் பூண்டுப் பல். குருவுக்குப் பருத்த பல், சனிக்குச் சுருங்கியது, ராகுவுக்கும் கேதுவுக்கும் வெறும் தோல். செவ்வாய்க்கு மட்டும் ஒரு வற்றல் மிளகாய். வந்தவர் தன் தலையெழுத்தைக் குனிந்து பார்க்கும்போது அது ஏதோ குழம்புக்கு எடுத்து வைத்ததுபோல் இருக்கும். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

வீடுகளை அவள் சொல்லும் விதத்துக்காகவே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. "மொத வீடு நீ. ரெண்டு ஒன் வாயும் ஒன் குடும்பமும். நாலு அம்மா. ஏழு, எதுக்கால வந்து நிக்கிற ஆளு. எட்டு, நாம வெளிய பேசிக்கிராத சங்கதி. பன்னெண்டு காலு, ஊரை விட்டுப் போற காலு." கட்டம் ஒன்று காலியாகக் கிடந்தால் ஆட்கள் முகம் சுருங்கும். அவளுக்கு அது பிடிக்காது. "பூட்டிக் கெடந்தா வீட்டுக்காரன் செத்துட்டான்னு அர்த்தமா? சோலியா எங்கயாச்சும் போயிருப்பான். எவன் வீட்ல போயி உக்காந்திருக்கான்னு பாரு." வெளிநாட்டிலிருந்து திரும்பி, இங்கேயும் கால் தங்காமல் கொடைக்கானலைச் சுற்றிவரும் பிள்ளைகள் விளையாட்டாக வந்து உட்கார்வது உண்டு. "பன்னெண்டாம் வீட்டுக்காரன் மொத வீட்ல குந்தியிருக்கான்த்தா. நீ வீட்டுக்குள்ள இருந்தாலும் ஒன் செருப்பு ரோட்டைப் பாத்துத்தேன் கெடக்கும்" என்று ஒரு முறை ஒருத்தியிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே எழுந்தவள், செருப்பைப் போடும்போது கொஞ்சம் யோசித்தாள்.

போன கார்த்திகைக் கடைசியில் சண்முகவள்ளி மகள் மகாதேவியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. கல்யாண நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகாதேவிக்கு முப்பத்து நான்கு வயது. கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலை. வேலுத்தாய் பூண்டுப் பற்களை அடுக்கத் தொடங்கியதும் மகாதேவியே மிளகாயை எடுத்தாள்.

"இதை நான் வைக்கிறேன் அத்தை. எடம் எனக்குத் தெரியும்." ஏழாம் கட்டத்தில் வைத்தாள். "பேரு கேட்டா பேரு சொல்றதுக்கு முன்னாடி இதைத்தான சொல்லிப் பழகியிருக்கேன்."

ஏழில் செவ்வாய் தோஷம். அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தோஷம் உள்ள மாப்பிள்ளையாகத்தான் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தோஷமில்லாதவர் உயிருக்கு ஆகாது என்று நம்பிக்கை. வந்தவர்கள் எல்லாம் கட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். கடைசியில் தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டும் ஞானவேலின் ஜாதகம் கிடைத்தது. அவனுக்கு எட்டில் செவ்வாய். அவன் அம்மாவும் தோஷமுள்ள பெண்ணைத் தேடி அலுத்திருந்தாள். ஜாதகங்கள் பொருந்திய பிறகு இவர்கள் இருவரும் பொருந்திப்போனார்கள். வாரா வாரம் அந்த ஜீப் சாக்லேட் கடை வாசலில் நின்றது.

"நான் குடுக்குற சாக்லேட்டைத் திங்க மாட்டேன்னும் சொல்ல மாட்டேங்குது," என்றாள் மகாதேவி. "ரெண்டு பல்லு சொத்தையாப் போச்சு அந்த மனுசனுக்கு."

சண்முகவள்ளி சந்தோஷத்தில் பழசையெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். "இவளை எங்கம்மா வீட்லதேன் பெத்தேன் மதினி. அந்தப் பள்ளத்துல. சரியா பொழுது கெளம்புது. கதவு வழியா வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. பிள்ளை கண்ணு கூசும், அங்கிட்டுத் திருப்புங்கடின்னு நான் கத்துறேன்."

வேலுத்தாயின் கை பலகை மேல் நின்றுவிட்டது. நேர் வெயில். அந்தப் பள்ளத்தில். மகாதேவி பிறந்ததும் இதே கார்த்திகைக் கடைசியில்தான். அடிவாரத்தில் எழுதிய ஜாதகத்தில் விருச்சிக லக்கினம் என்று இருந்தது. லக்கினம் அதற்குள் தனுசுக்கு நகர்ந்திருந்தால் மிளகாய் ஏழில் இருக்காது. ஆறில் இருக்கும். ஆறில் தோஷமில்லை. தோஷமில்லாத பெண்ணை ஞானவேல் வீட்டில் எடுக்க மாட்டார்கள்.

நாள் குறிக்கத்தானே கேட்டார்கள், குறித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. மகாதேவி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளனே போயி அந்த வாசலைப் பாத்துட்டு வந்துர்றேன்," என்றாள் வேலுத்தாய்.

"நானும் வாரேன் அத்தை."

முதல் நாள் மேகம். மறுநாளும் எதிரில் நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. அடுத்த நாள் மலை விளிம்பு சிவந்தது. பள்ளத்தில் அந்த வீட்டில் இப்போது மகாதேவியின் மாமா இருக்கிறார். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். பால் கொண்டுபோகிறவர் போய்த் திரும்பினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போனார்கள். வெயில் ஓட்டில் விழுந்து, சுவரில் இறங்கி, நிலைப்படியைத் தொட்டபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. தனுசு எழுந்து வெகு நேரமாகியிருந்தது.

வேலுத்தாய் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை.

"எனக்குத் தோசம் இல்லையா?"

"இல்ல."

"இப்பப் போயிருச்சா, முந்தியே இல்லையா?"

"பொறந்ததுலருந்தே இல்லத்தா."

மகாதேவி சிரிக்க ஆரம்பித்தாள். மாடு கட்டும் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். "ஒட்டன்சத்திரத்துலருந்து ஒருத்தன் வந்தான் அத்தை. நான் போட்ட காபி. கட்டத்தைப் பாத்தான், ஒரு வாய் குடிக்காம கீழ வச்சுட்டுப் போனான். அதை நானே குடிச்சேன்." சிரிப்பு எங்கேயோ நின்றது. "அப்ப ஞானவேல் வீட்ல?"

வேலுத்தாய் தொப்பியைக் கழற்றி உதறினாள்.

"சொல்லாம விட்டா என்ன?"

"சொல்லாம விட்டா நான் நாள் குறிக்க மாட்டேன். நாளைக்கு ஒனக்குத் தலைவலின்னாலும் எனக்குத் தூக்கம் வராது."

"மத்த ஆளுகிட்டப் போனா குறிச்சுத் தருவாங்க."

"தருவாக. போறதுன்னா போ. நான் யாருகிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்."

வெயில் அதற்குள் அடுப்படி வரை போய்விட்டது. மகாதேவி எழுந்து சேலையின் பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இத்தன வருசம் இல்லாததைச் சொல்லிச் சொல்லி அலைஞ்சேன். இப்ப உள்ளதைச் சொல்ல மாட்டேன்னு எப்பிடி அலைவேன்? அதுகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"சொல்லு. சொல்லிட்டு அவங்கம்மாவ எங்கிட்டக் கூட்டியாரச் சொல்லு."

விஷயத்தைக் கேட்ட ஞானவேல் போனில், "சரி, அந்தச் செவ்வாயை நான் ஒருத்தனே வச்சுக்கிறேன், வேற என்ன செய்ய" என்றானாம். அவன் அம்மாவை அவ்வளவு எளிதில் சம்மதிக்க வைக்க முடியவில்லை. பூண்டுக் கடை வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவள் கையில் துணி மூடிய வெற்றிலைத் தட்டு இருந்தது. நாள் குறிக்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று கொண்டு வந்திருந்தாள். பலகையில் வைத்தாள், ஆனால் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. வந்திருப்பது பேசி முடிக்கவா, முறித்துக்கொண்டு போகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"பிள்ளை மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லங்க," என்றாள். "பிடிச்சுப்போச்சு, அதான் பயமே. எம் மகன் செவ்வா இந்தப் பிள்ளைய ஏதாச்சும் பண்ணிருச்சுன்னா? பண்ணுன பெறகு உக்காந்து அழுகவா நான் இவளைக் கூட்டிப் போறேன்?"

சண்முகவள்ளி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாய் இரண்டு சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். இரண்டு மிளகாய்கள். ஒன்று எட்டில், ஒன்று ஆறில். வெகு நேரம் பார்த்தாள். நடுவில் பஸ் ஒன்று நின்று கிளம்பியது.

"ஆறாம் வீடு நோவு, பகை, வம்பு எல்லாம் வந்து ஏறுற வீடு," என்றாள். "அங்க நல்லவனை வச்சா நொந்துபோவான். ஒரு முரட்டு ஆளு வேணும். இவளுக்குச் செவ்வாயே உக்காந்திருக்கு. எது வந்தாலும் வாசல்லயே மறிக்கும். ஒங்க மகனோட எட்டு இவளை அசைக்காது."

"பொஸ்தகத்துல அப்பிடிப் போட்டிருக்கா?"

"ஆறைப் பத்திப் போட்டிருக்கு. அந்த எட்டையும் இந்த ஆறையும் சேத்து வச்சு நான்தேன் சொல்றேன்."

சொன்ன பிறகு அவளுக்கே நெஞ்சுக்குள் ஒரு உறுத்தல். இதைக் கட்டம் சொன்னதா, கல்லில் உட்கார்ந்து சிரித்தாளே அந்தச் சிரிப்பு சொல்ல வைத்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஆறாம் வீடு ஆறாம் வீடுதான். அதில் பொய் இல்லை.

ஞானவேலின் அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அப்ப நீங்க ஒரு வெத்தலை எடுங்க."

அந்த ஊர்களில் தட்டிலிருந்து வெற்றிலை எடுத்தவர் அந்தக் கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்தவர். பிற்பாடு ஏதாவது ஒன்று என்றால் இரண்டு வீட்டாரும் முதலில் அவர் வாசலில்தான் வந்து நிற்பார்கள். அதனாலேயே ஜோசியர்கள் தட்டைத் தொடுவதில்லை. நாளைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். உள்ளே பூண்டு நிறுத்துக்கொண்டிருந்த திருமலைச்சாமியின் தராசு பாதியில் நின்றது. "ஏய், பாத்து," என்றார் மெதுவாக.

வேலுத்தாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தட்டு மேல் கிடந்த துணியை விலக்கினாள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு வெற்றிலையை உருவி, காம்பைக் கிள்ளிப் போட்டு, இலையின் முதுகில் சுண்ணாம்பைத் தடவி, நாலாய் மடித்துக் கடைவாயில் அதக்கிக்கொண்டாள்.