பொட்டை அடைத்த தம்பியும் பொலிஸுக்குப் போன நானும்

போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் எங்கள் வீட்டை உடைத்துவிட்டார்கள்.

உங்களில் சிலருக்கு விஷயம் தெரிந்திருக்கும். அரியாலையில் ஒரு செய்தி ஒரு ஒழுங்கையிலிருந்து அடுத்த ஒழுங்கைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மற்றப் பாதியை இதுவரை ஒருவருக்கும் நான் சொல்லவில்லை... என் வீட்டுக்காரருக்குக்கூட. இன்றைக்கு எழுதியே விடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். வெட்டியும் திருத்தியும் எழுதுகிறேன். அச்சுக்கோக்கிற தம்பிமார் என் எழுத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு இரண்டரை மணிபோல் வந்தேன். கேற்றில் பூட்டு போட்டபடி இருந்தது. என்னிடம் இருந்த திறப்பால் திறந்துகொண்டு உள்ளே போய், “ஆனந்தன்!” என்று தம்பியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுப்படிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கிணற்றடிக்குப் போனேன்.

இரத்தம்! சீமெந்துத் தரையில் திட்டுத் திட்டாக. பக்கத்தில் தம்பியின் செருப்பு — ஒன்றுதான். வாளி கிணற்றுக்குள் மிதக்கிறது. பக்கத்து வேலியைப் பார்த்தால் ஓலைக் கிடுகெல்லாம் பிய்ந்து, முள்ளுக்கம்பி அறுந்து சுருண்டு, மாடு நுழையிற அளவுக்கு ஓட்டை.

ஐயோ, என் தம்பியை என்ன செய்துபோட்டார்கள்? எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த முள்ளுக்கம்பி எங்கள் வேலிக்கு எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் உங்களுக்கு மிச்சக் கதை விளங்காது.

ஆனந்தன் என் கூடப்பிறந்த தம்பி. இங்கிலாந்தில் ஒரு சின்ன டவுனில் இஞ்சினியர். ஒரு மாத லீவில் தனியாக வந்திருந்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் மனைவி வரவில்லை. வந்தவன் எனக்கு என்ன கொண்டு வந்தான் தெரியுமா? சாரி இல்லை, சென்ட் இல்லை — பூட்டு! உள்ளங்கை முழுக்க வருகிற பித்தளைப் பூட்டு. இரண்டு.

“ஏன் தம்பி, எங்கடை ஊரிலை பூட்டுக்கோ பஞ்சம்?” என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. “அக்கா, உங்களுக்குத் தெரியாது” என்று தொடங்கினான்.

அவனுடைய டவுன் சின்னதாம். ஒரு ஆறு, ஒரு சேர்ச், பொரிச்ச மீன் விற்கிற ஒரு கடை. அங்கே க்ரைம் ரேட் மிகக் குறைவு என்று சொல்லித்தான் வீடு காட்டினவர்களாம். வாராவாரம் வருகிற டவுன் பேப்பரில் குற்றங்களுக்கென்று ஒரு மூலை உண்டாம். சைக்கிள் லைட் ஒன்று காணாமல் போனது, யாரோ பூச்சாடியை உடைத்தது... இவ்வளவும்தான் வருமாம். ஏழு வருஷம் நிம்மதியாய் இருந்திருக்கிறார்கள்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் வீடு துடைத்து வைத்தமாதிரிக் கிடந்ததாம். ரெலிவிஷன் இல்லை. மனைவியின் நகைப்பெட்டி இல்லை. பட்டப்பகலில் இரண்டு பேர் வானைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆறுதலாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“ஒருத்தரும் காணேல்லையோ?”

“கண்டவர் அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் முன்னுக்கு நிண்டு செடி வெட்டிக்கொண்டு நிண்டவர். அவையள் ரெலிவிஷனைத் தூக்கிக்கொண்டு வரேக்கை கஷ்டப்பட்டவையாம். அந்தாள் போய் கேற்றைத் திறந்து பிடிச்சவர்.”

எனக்கு வாய் மூடவில்லை. கேற்றைப் பிடித்தாரா! கள்ளனுக்கா!

“நாங்கள் வீடு மாறிறம் எண்டு நினைச்சாராம்.”

“அட விசரா! ஏழு வருஷம் பக்கத்திலை இருக்கிற மனிசன், ‘வீடு மாறிறியளோ’ எண்டு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாரோ?”

“அங்கை அப்பிடிக் கேட்கிறது மரியாதையில்லை அக்கா.”

எப்படி இருக்கிறது கதை? இதே இடத்தில் எங்கள் பரிமளக்கா நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்! “ஆர் தம்பி நீங்கள், எந்த ஊர், ஆற்றை பிள்ளையள், எங்கை கொண்டு போறியள், ரீச்சருக்குத் தெரியுமோ?” — கேள்வி தாங்காமல் கள்ளன் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான்.

பரிமளக்கா யார் என்றா கேட்கிறீர்கள்? இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கு அவ புதிது இல்லை. பக்கத்து வளவு. என் வீட்டுக்காரர் கொழும்பில் கந்தோர் வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மிச்ச நாளெல்லாம் எனக்குக் காவல் பரிமளக்காதான். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஒரு பொட்டு — ஆள் குனிந்து நுழையிற அளவு இடைவெளி. அதால் அவ வருவா. கூப்பிட மாட்டா, கதவைத் தட்ட மாட்டா. நேரே அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து, “ரீச்சர், புளி கூடிப்போச்சு” என்பா. நானும் அப்படித்தான் அங்கே போவேன். சின்ன வயதில் இதே பொட்டால் ஆனந்தனும் ஓடித் திரிந்தவன்தான்.

அவன் வந்த மறுநாள் காலை பரிமளக்கா புட்டோடு அடுப்படியில் வந்து நின்றா. தம்பி திடுக்கிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டான். “கூப்பிடாமல் உள்ளுக்கு வாறதோ அக்கா? உவ வரலாமெண்டால் ஆரும் வரலாம்!”

அவ போன பிறகுதான் சொன்னான். அதுவரைக்கும் நல்லது.

மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வர, கேற்றில் ஒரு பித்தளைப் பூட்டு. பின்கதவில் மற்றது. பொட்டிலே கிடுகு வைத்து, அதற்கு மேலால் குறுக்கும் மறுக்கும் முள்ளுக்கம்பி! கூலிக்கு ஆள் பிடித்துக் கட்டுவித்திருக்கிறான்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பொட்டை அடைப்பது வேலி வேலை இல்லை. ‘இனி உங்களோடு எங்களுக்கு ஒரு கதையும் இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் அது. பொட்டடைத்த கோபம் செத்த வீட்டில்கூடத் தீராமல் கிடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அது ஆனந்தனுக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்கவில்லையே! அப்படியானால் நான் ஏன் அன்றைக்கே அந்தக் கம்பியைக் கழற்றி எறியவில்லை?

எத்தனையோ வருஷம் கழித்து வந்த தம்பி, முகத்தை முறிக்க மனம் வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் பெரிய பூட்டு கேற்றில் தொங்குவதைப் பார்க்க எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. எங்கள் வீட்டிலும் களவெடுக்க ஏதோ இருக்கிறது என்று நாலு பேர் நினைக்கட்டுமே!

அன்று பின்னேரம் பரிமளக்கா ஒரு கோப்பையில் கூழோடு பொட்டடிக்கு வந்தா. கம்பியைக் கண்டா. அப்படியே நின்றா. நான் அடுப்படி யன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை... “அக்கா, உது தம்பியின்ரை விசர் வேலை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வெளியே வரவில்லை. அவ கூழோடு திரும்பிப் போனா.

அதற்குப் பிறகு கதை பேச்சில்லை. அவவின் மகன் தவராசா ஹயர் கார் ஓடுகிறவன், இருபத்தாறு வயது. காலையில் என்னைச் சந்தியில் கண்டால் “ரீச்சர், ஏறுங்கோ” என்று காரை நிறுத்தாமல் போகமாட்டான். இப்போது என்னைக் கண்டும் காணாதமாதிரி ஓட்டிக்கொண்டு போனான். எனக்கும் கோபம் வந்தது. நாங்கள் பூட்டினால் உவைக்கு என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சரி. இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரத்தத்தைக் கண்டு “ஐயோ” என்று கத்தினேன். ஒருவரும் வரவில்லை. பரிமளக்கா வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது. தவராசாவின் காரும் இல்லை. ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமானையும் காணவில்லை. சந்திக்கு ஓடி, வந்த காரை மறித்து, நேரே பொலிஸ் ஸ்டேசன்.

மேசையில் இருந்தவர் நிதானமான மனிதர். எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். கடைசியில், “ரீச்சருக்கு ஆரிலையாவது சந்தேகம் இருக்கோ?” என்றார்.

நான் யோசிக்கவில்லை. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“பக்கத்து வீட்டுப் பெடியன்... தவராசா. பொட்டடைச்சதிலை எங்களோடை கோபம். வீடும் பூட்டிக் கிடக்கு, காரையும் காணேல்லை.”

அவர் பெயரை வடிவாக எழுதினார். தகப்பன் பெயர் கேட்டார். அதையும் சொன்னேன். கார் நம்பர் கேட்டார். அதையும் சொன்னேன்! எத்தனை நாள் ஏறிப் போன கார்... நம்பர் பாடமில்லாமல் இருக்குமா?

ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பின்வளவுக்குப் போனால் —

பரிமளக்கா. சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து, தும்புத்தடியால் இரத்தத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறா. இரண்டு கையும் முள்ளுக்கம்பி கிழித்த கீறல்.

“வந்திட்டியளோ ரீச்சர்? நீங்கள் வந்து உதைக் கண்டால் பயந்து போவியள் எண்டுதான் பஸ் பிடிச்சுக் கெதியா ஓடி வந்தனான். தம்பி பாசியிலை வழுக்கிப்போட்டார். கால் முறிஞ்சிட்டுது, தலையிலையும் ஒரு வெட்டு. பயமில்லை. பெரியாஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம். என்ரை தவம் பக்கத்திலை நிக்கிறான்.”

பிறகு பொலிஸ்காரரைப் பார்த்து நிமிர்ந்தா. “ஓம் ஐயா, வேலியை வெட்டினது நான்தான். இஞ்சை ஆள் குளறிற சத்தம் கேட்குது, கேற்றிலை பூட்டு, பொட்டிலை கம்பி... வேறை என்ன செய்யிறது? நான் கத்தியாலை கிடுகை வெட்டினன், மகன் குறட்டாலை கம்பியை அறுத்தவன். குற்றமெண்டால் எழுதுங்கோ.”

சாரித் தலைப்பை அவிழ்த்து, முடிந்து வைத்திருந்த தம்பியின் கைக்கடிகாரத்தை எடுத்து என் கையில் தந்தா. “துலைஞ்சு போகும் எண்டு கழட்டினனான்.”

அந்தப் பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். தவராசாவின் பெயரை எடுக்காமல் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்தார். அந்த மனிதனுக்கு நான் காலம் முழுக்கக் கடமைப்பட்டவள்.

“உவையள் ஏன் ரீச்சர் வந்தவை?” என்று பரிமளக்கா கேட்டா.

“வேலி... வேலி உடைஞ்சு கிடக்கெண்டு பயத்திலை நான்தான்...” என்று இழுத்தேன்.

“பாவம், தேத்தண்ணி ஊத்திக் குடுப்பம்” என்று எங்கள் அடுப்படிக்குள் போனா. தன் மகனைப் பிடிக்க வந்தவர்களுக்குச் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி! நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

ஆஸ்பத்திரியில் ஆனந்தன் காலில் பத்துப் போட்டுப் படுத்திருந்தான். “அக்கா, அந்த மனிசி வேலியை வெட்டேக்கை என்னைத் திட்டித் திட்டியெல்லோ வெட்டினவ! ‘கண்டறியாத கம்பி! லண்டன் துரை கொண்டந்து கட்டிப்போட்டார்!’ எண்டு. அந்தத் திட்டைக் கேட்கக் கேட்கத்தான் எனக்கு உயிர் வந்தது” என்று சொல்லிச் சிரித்தான். கண்ணால் தண்ணீரும் ஓடியது. பக்கத்தில் வாங்கிலில் தவராசா, சட்டையெல்லாம் என் தம்பியின் இரத்தம். “இருங்கோ ரீச்சர்” என்று எழும்பி இடம் விட்டான்.

நான் இருக்கவில்லை.

அந்த இங்கிலீஷ்காரனை நினைத்து எவ்வளவு சிரித்தேன்! பாவம், அவன் என்ன செய்தான்? கள்ளனைக் கண்டு நல்லவன் என்று நினைத்தான். நான்? காப்பாற்ற வந்தவனைக் கள்ளன் என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ வருஷம் புட்டும் கூழும் வந்த வளவு, ஒரு கிழமை வேலி அடைத்ததோடு கள்ளர் வளவாகிப் போனது. பூட்டு கேற்றில் மட்டுமா விழுந்தது?

எங்கள் ஒழுங்கைக்கும் அந்த டவுன் மாதிரி ஒரு பேப்பர் இருந்தால் இந்தக் கிழமைக் குற்ற மூலையில் ஒரே ஒரு வரிதான் வரும். க்ரைம் ரேட் மிகக் குறைவு. செய்தது நான்.

கம்பி முழுவதையும் கழற்றியாயிற்று. பொட்டு திறந்திருக்கிறது. பொலிஸ் புத்தகத்தில் தவராசாவின் பெயரை வெட்டுவித்து, கீழே என் கையெழுத்தையும் வைத்துவிட்டு வந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பத்திரிகையை எனக்கு முதல் வாசிக்கிறது பரிமளக்காதான். பொட்டால் வந்து எடுத்துக்கொண்டு போய், வாசித்துவிட்டு, “இந்த முறை காணாது ரீச்சர்” என்று திருப்பித் தருவா. இந்தக் கிழமையும் வருவா. நான் ஒளிக்கப் போவதில்லை.

அக்கா, உங்களுக்கு முகம் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை, அதுதான் எழுதிப்போட்டன். கம்பியும் குறடும் பொட்டடியிலைதான் கிடக்கு... அடைக்கிறதெண்டால், இந்த முறை நீங்கள் அடையுங்கோ.