அவன் ரெக்கார்டில் என் களைகள்

நானும் என் தாய்மாமன் மகனும் ஒரே வருஷம் பிரீ-டிகிரி முடித்தோம். எனக்கு முதல் வகுப்பு. அவன் தட்டுத்தடுமாறித் தேறினான். எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில், சொந்த வயலில் நாற்றுப் பறித்தே வளர்ந்தவள் நான். அவன் வரப்பில்கூடச் செருப்போடுதான் நடப்பான். இருவரும் கேட்டது வேளாண்மைப் பட்டப்படிப்பு.

அப்பா என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன்பே மாமன் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் முறைப்பெண் என்றால் பிறந்த அன்றே மாமன் வீட்டுச் சொத்து. அவள் என்ன படிக்கலாம் என்பதும் அவர்கள் தீர்ப்புதான்.

“ஏனுங்க மச்சான், பொட்டப்புள்ள பசங்களோட சேத்துல எறங்கிப் பாடம் படிக்கோணுமாக்கும்? பையன் படிச்சா அவ படிச்ச மாதிரித்தானுங்க. அம்மிணிக்கு ஹோம் சயன்ஸ் போடுங்க.”

அன்று காலையில்தான் அதே சேற்றில் களை பறித்துவிட்டுக் கால் கழுவி வந்திருந்தேன். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்பா என் கண் முன்னாலேயே விண்ணப்பத்தைக் கிழித்தார்.

ஹோம் சயன்ஸில் மேஜை விரிப்பை அழகாக மடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மேஜையே கிடையாது.

வேளாண்மையில் இடம் கிடைத்த அந்த மகராஜன் முதல் விடுமுறைக்கு வந்தான். ஐம்பது களைச்செடிகளைக் காயவைத்து, தாளில் ஒட்டி, பெயரெழுதி, ரெக்கார்டாகக் கொண்டுபோக வேண்டுமாம். “நீதான் பண்ணித் தரோணும். எனக்கு ஒண்ணுந் தெரியாது” என்றான், கூச்சமே இல்லாமல். அம்மாவின் முகத்துக்காக ஒப்புக்கொண்டேன். கோரை, ஆரை எல்லாம் சேர்த்தேன். நீர்முள்ளி குத்தி விரலெல்லாம் ரத்தம். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றிக் காயவைத்தேன்.

வாங்க வந்தவன் முதல் தாளில் தன் பெயரை எழுதிக்கொண்டான். “கல்யாணத்துக்கப்புறமும் இப்படியே ஒத்தாசையா இருக்கோணும்” என்று இளித்தான்.

தாள்கட்டைப் பிடுங்கிப் பிரித்து எருமை முன்னால் கொட்டினேன்.

“எதைத் திங்குது, எதைத் துப்புதுன்னு பாத்து எழுதிக்கங்க மச்சான். அதையாவது நீங்களே படிச்சதா இருக்கட்டும்.”

அப்பா கையை ஓங்கினார். சேதி கேட்ட மாமன் அன்றே வந்து, சம்பந்தம் வேண்டாம் என்று துண்டை உதறிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதி. தடுக்கத்தான் இனி ஆளில்லையே என்று அடுத்த வாரம் அப்பாவிடம் போய் நின்றேன்.

“வர்ற வருஷம் வேளாண்மைக்கு எழுதிப் போடட்டுங்களாப்பா?”

அப்பா கோபப்படக்கூட இல்லை.

“மாமனே வேண்டாம்னுட்டாரு. இனி வெளியில மாப்பிள்ளை தேடோணும். அதுக்கு ஹோம் சயன்ஸ்தான் கண்ணு நல்லது.”