விழுந்த பைக்கைத் தூக்கிப் பார்த்தேன்

“ஆளில்லாத மலையில பைக்கோட விழுந்தா யாருங்க தூக்கிவிடுவாங்க?”

பட்டிப்பொல வரை தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளிலேயே தனியாகப் போகப்போகிறேன் என்றதும் மனைவி கேட்டார்.

இன்று ஹட்டனில் பைக் கடைக்குப் போனேன். முதலாளி பெரியதொன்றைக் காட்டினார். “எந்த ஏத்தமும் ஏறும் சேர்!”

கையோடு கொண்டுபோன தேயிலைக் கொழுந்துச் சாக்கை விரித்து, அந்த பைக்கை அதன்மேல் மெதுவாகப் படுக்க வைத்தேன்.

“ஐயோ சேர், வாங்க வந்தீங்களா, ஒடைக்க வந்தீங்களா?”

மூன்று முறை முயன்றும் அதை நிமிர்த்த முடியவில்லை. மூலையில் நின்ற சிறிய பைக்கையும் படுக்க வைத்தேன். முதல் முறையிலேயே நிமிர்த்திவிட்டேன்.

“அது மெதுவாத்தான் போகும். ஆனா பார்ட்ஸ் கினிகத்தேனை மாதிரி சின்ன ஊர்லயும் கிடைக்கும்.”

“அது போதுங்க. போறவன் திரும்பி வரணும்ல?”

அதையே எடுத்துவிட்டேன். அடுத்து வருபவர்களும் படுக்க வைத்துப் பார்க்க உதவுமே என்று, சாக்கைத் திருப்பித் தர முதலாளிக்குத்தான் மனமில்லை.

நீங்களும் வாங்குமுன் பைக்கைப் படுக்க வைத்து, தனியாகத் தூக்கிப் பாருங்கள்.