எண்ணெய் கேட்டுப் போன் பண்ணிய நாட்கள்

மகளின் பிரசவத்துக்காக என் வீட்டுக்காரி அமெரிக்கா போனபோது மூன்று மாதத்தில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. போகிற அன்று என்னை அடுப்பங்கரையில் நிற்கவைத்து, இடப்பக்கம் கடலெண்ணெய், பின்னால் நல்லெண்ணெய், ஜன்னலோரம் விளக்கெண்ணெய் என்று காட்டினாள். மூன்றும் ஒரே மாதிரி எவர்சில்வர் தூக்கு. பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். மறுவாரமே, மேடையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று மூன்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டேன்.

அன்று ரசத்தை விளக்கெண்ணெயில் தாளித்தேன். என்னடா இவ்வளவு கெட்டியாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. நம்ம நிலத்துக் கடலையாச்சே, அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே பெருமை பேசிக்கொண்டு ஊற்றினேன். மறுநாள் முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடைதான்.

போனில் சொன்னதும் அவள் சிரித்தாள் பாருங்கள்! "பருப்பு வேகறப்ப ஒரு சொட்டு உடறதுக்கு வெச்சதுங்க அது. அதுலயா தாளிச்சீங்க? நல்லா கீது கூத்து!" அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அதுவரை எங்கள் போன் பேச்சு "சாப்டீங்களா?" "ஆங்." "கொழந்த தூங்குதா?" "ஆங்" என்பதோடு முடிந்துவிடும். எண்ணெயைப் பற்றிக் கேட்டால் மட்டும் அரை மணி நேரம் பேசினாள். காரக்குழம்புக்கு நல்லெண்ணெய்தான், இறக்கும்போது பச்சையாக இன்னொரு கரண்டி. அப்பளம், வடைக்குக் கடலெண்ணெய். நல்லெண்ணெயில் பொரித்தால் நுரைத்துப் பொங்கும்; வேறு வழியில்லை என்றால் சுண்டைக்காய் அளவு புளி போட வேண்டும். பத்தே நாளில் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் தினமும் கேட்டேன்.

"தோசைக்கு எந்த எண்ணெய்ம்மே ஊத்தறது?"

"நேத்துதான சொன்னேன்! காதுல இன்னாத்த வெச்சிகினு கீறீங்க?"

அந்தத் திட்டுக்காகவே விடிவதை எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆடி பிறந்தது. இன்னும் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகும்படி மகள் பிடிவாதம் பிடித்தாள். "உன் நைனா சோத்துக்கு இன்னா பண்ணுவாரு? ஒண்ணுமே தெரியாதே அந்த மனுஷனுக்கு" என்று இவள் மறுத்தது போனில் என் காதிலும் விழுந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது என்ற ஒன்றுதான் அவளைத் திரும்ப அழைத்துவரும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

கெடுத்தது என் ரோஷம். ஆடிக் கிருத்திகை அன்று காலை, காவடிகள் எங்கள் தெரு வழியாக மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. படையல் வடைக்கு மாவு அரைத்து மறைவாக வைத்திருந்தேன், போனை வைத்த பிறகு சுடலாம் என்று. வீடியோவில் மாப்பிள்ளை, "இன்னா மாமா, சாமிக்கு இன்னிக்கு ஓட்டல் வடையா?" என்று கேலி செய்தார். எனக்கு வந்ததே கோபம்! "இருங்க மாப்ள" என்று போனை மேடையில் சாய்த்துவைத்தேன். கடலெண்ணெய்த் தூக்கு காலி. நல்லெண்ணெயைக் காயவைத்து, புளியைக் கிள்ளிப் போட்டு, வடை தட்டிப் போட்டேன். எண்ணெய் பொங்கவில்லை. ஒவ்வொன்றும் பொன்னிறமாக எழும்பி வந்தது.

மாப்பிள்ளைக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "புளி போடறாரு பாரு உன் நைனா! தேறிட்டாரு" என்றாள் மகளிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னாத்த துன்றீங்களோன்னு எனக்கு இங்க சோறே எறங்கலீங்க. இப்பதான் நிம்மதி. கொழந்த ஒக்கார்ற வரிக்கும் இருந்துட்டு வரட்டுங்களா?"

வேணாம், வந்துடு என்று நாக்கு நுனிவரை வந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஜல்லிக்கரண்டியோடு, "ஆங், இருந்துட்டு வா. எனக்கு இன்னா கொறச்சல்?" என்றேன்.

போன் அணைந்ததும் வடைகளை இலையில் வைத்துச் சாமிக்குப் படைத்தேன். முருகா, ஒன்றாவது தீய்ந்து போயிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.