மோட்டார் சுவிட்சும் ஆண்டவரும்

பத்து நாட்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினாறு பேர் முன்னிலையில் என் மானம் போனது. வாங்கியவள் என் மகள் கெசியா. வயது ஏழு.

எங்கள் சபையில் மாதம் ஒரு ஜெபக்கூட்டம் வீடு வீடாகச் சுற்றும். முடிச்சூர்க் குடும்பங்களுக்குள் அன்று எங்கள் முறை. பாய் விரித்து, ஃபேனைக் கூட்டி வைத்து, கேசரி கிண்டித் தயாராக இருந்தோம். இரண்டு பாட்டு முடிந்தது. பாஸ்டர் கெசியாவைப் பார்த்துச் சிரித்தார்.

“பாப்பா, இன்னிக்கு நீ ஜெபம் பண்ணு. மனப்பாடம் பண்ணதெல்லாம் வேணாம். உன் மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லு.”

நல்ல மனுஷர். அவருக்கு என்ன தெரியும்?

கெசியா என்ன சொன்னாள் என்பதற்கு முன், எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஆபீஸ் மேனேஜர், பக்கத்து வீட்டுக்காரர், ஷேர் ஆட்டோ டிரைவர் என்று ஊரார் வண்டவாளத்தையெல்லாம் தண்டவாளத்தில் ஏற்றியிருக்கிறேன். இந்த வாரம் என் முறை. நியாயம்தானே?

நானும் பிரிசில்லாவும் கல்யாணமாகி இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த வருடம்தான் அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. கீழ் வீடு முழுக்கத் தண்ணீர். மாடியில் நாங்கள் இரண்டு பேர், ஒரு பாக்கெட் பிஸ்கட், அரைக் குடம் குடிநீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. இரண்டு நாள் பேசினோம்... பேசினோம்... பேசிக்கொண்டே இருந்தோம். அவள் ஐந்தாம் வகுப்பில் காப்பி அடித்து மாட்டிக்கொண்டது வரை எனக்குத் தெரியும். படகு வந்து கூப்பிட்டபோது, இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருக்கலாமே என்று எனக்கு லேசாகத் தோன்றியது. இதை அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

அப்படிப் பேசிய இரண்டு பேருக்கு என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். மூன்றாம் மனுஷர் யாரும் வரவில்லை. குடி கிடையாது, அடி கிடையாது. ஒரு குழந்தை பிறந்தது. அவ்வளவுதான்!

பிரிசில்லா குரோம்பேட்டையில் டீச்சர். காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். எனக்குக் கிண்டியில் வேலை. ஒன்பதுக்குக் கிளம்பினால் போதும், ஆனால் திரும்ப ஏழாகும். ஆக, காலையில் குழந்தை என் பொறுப்பு, சாயங்காலம் அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறும்போது நர்ஸ்கள் சொல்லிவிட்டுப் போவார்களே... அந்த மாதிரி வாசலில் நின்று ஒப்படைப்போம். “சளி இருக்கு. மருந்து குடுத்தாச்சு. கணக்கு ஹோம்வொர்க் பாக்கி.” முதலில் அதோடு ஒரு சிரிப்பு இருந்தது. அப்புறம் சிரிப்பு இல்லை, செய்தி மட்டும் இருந்தது. அப்புறம் அந்தச் செய்தியும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டாகிவிட்டது.

கெசியா நன்றாகத்தான் வளர்ந்தாள். தடுப்பூசி ஒன்று தவறவில்லை. பல் விழுந்து முளைத்தது, சைக்கிள் ஓட்டப் பழகினாள். அவளுக்கு எல்லாம் நேரத்துக்கு நடந்தது. எங்கள் இருவருக்கும் இடையில்தான் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமே குனிந்து எடுக்கவில்லை.

ஆனால் ஒரு வழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, பைபிளில் ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். திங்கள், புதன், வெள்ளி அவள் ஜெபிப்பாள். செவ்வாய், வியாழன், சனி நான். ஞாயிற்றுக்கிழமை கெசியா, சண்டே ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை அரை நிமிடத்தில் ஒப்பித்துவிடுவாள்.

யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்காதீர்கள். அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது. என் கணக்குப்படி அவள்தான்.

ஒரு புதன்கிழமை. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம். உலக சமாதானம், சபை, வியாதியஸ்தர்கள் எல்லாம் முடிந்தபின் அவள் குரல் கொஞ்சம் மாறியது. “கர்த்தாவே, இந்த வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோகிறவர்களுக்கு ஞாபகசக்தியைத் தாரும். தண்ணீர் வீணாவதை நீர் பார்க்கிறீர்.”

எனக்குச் சுரீர் என்றது. ஆனால் ஜெபத்துக்கு நடுவில் யாராவது குறுக்கே பேச முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன்.

மறுநாள் வியாழன். என் முறை! “பிதாவே, சாப்பாட்டு மேசை முழுக்க பரீட்சைப் பேப்பரைப் பரப்பி, மற்றவர்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறவர்களின் மனதை விசாலமாக்கும்.” பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம் ஆமென்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நேர்ப்பேச்சு கிட்டத்தட்ட நின்றது, ஜெபம் நீண்டது. போனைக் கீழே வைக்காதது, என் அக்காவின் வாய், அவள் தம்பிக்கு நான் வைத்திருக்கும் பட்டப்பெயர்... எல்லாம் பரலோகம் வழியாகத்தான் போய் வந்தது. கேட்கிறவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டார் என்ற தைரியம் இரண்டு பேருக்கும். பதில் சொல்ல இருபத்துநாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதுதான் ஒரே கஷ்டம்.

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? “உங்க அப்பாகிட்ட சொல்லு, தோசை ஆறுதுன்னு.” அப்பா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்! சிலருக்குக் குழந்தை, சிலருக்கு மாமியார், சிலருக்கு நாய்க்குட்டி. நாங்கள் கொஞ்சம் பெரிய இடமாகப் பிடித்துவிட்டோம்.

இப்படியே போயிருந்தால் இதை ஒரு வேடிக்கையாக எழுதி முடித்திருப்பேன். ஜெபக்கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, பிரிசில்லா ஜெபித்தாள்.

“கர்த்தாவே, ஜூன் மாதம் முதல் நானும் கெசியாவும் அஸ்தினாபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். பக்கத்திலேயே ஒரு ஸ்கூல் பார்த்திருக்கிறேன். அதற்கு உம்முடைய சித்தம் என்னவென்று காட்டும்.”

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று நான் ஆமென் சொல்லவில்லை. கெசியா மட்டும் சொன்னாள், மெதுவாக.

கண்ணைத் திறந்து, “என்ன பிரிசி இது?” என்று கேட்டிருக்கலாம். ஐந்து நொடி வேலை. கேட்டேனா? இல்லை. மறுநாள் வரை காத்திருந்து, “பிதாவே, அவசர முடிவுகளைத் தடைசெய்யும்” என்று ஜெபித்தேன். புத்திசாலி! அடுத்த வாரம் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது உள்ளே ஒரு ஸ்கூல் அட்மிஷன் படிவம் மடித்தபடி இருந்தது. மூன்றாம் வகுப்புக்கு. பார்க்காதது மாதிரி மூடி வைத்துவிட்டேன்.

சரி, இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். பதினாறு பேர் கண்ணை மூடியிருக்கிறார்கள். கெசியா கையைக் கூப்பிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“இயேசப்பா, இன்னிக்கு ஜெபம் சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாது. எங்க வீட்ல ஜெபத்துலதான் அப்பாவும் அம்மாவும் பேசிப்பாங்க. அப்பா மோட்டார் ஆஃப் பண்ணலன்னா அம்மா உங்ககிட்ட சொல்லுவாங்க. அம்மா பேப்பர் எடுக்கலன்னா அப்பா உங்ககிட்ட சொல்லுவாரு. உங்களுக்கு டயர்டா இருக்கும். ஸாரி. ஆனா ஜெபம் பெருசா இருந்தா அவங்க நிறைய பேசுவாங்க. அஸ்தினாபுரம் போயிட்டா அப்பா ஜெபம் பண்றது அம்மாவுக்குக் கேக்காது. நீங்க போன்ல சொல்லுவீங்களா? ஆமென்.”

பழக்கதோஷம்... பதினாறு பேரும் ஒரே குரலில் கணீரென்று ஆமென் சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். எதிர் வரிசையில் பிரிசில்லாவும் திறந்திருந்தாள். எத்தனை மாதம் கழித்து அவள் முகத்தை அப்படி நேராகப் பார்த்தேன் என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். எப்போது வந்தது அது?

பாஸ்டர் தொண்டையைச் செருமி, “கேசரி வாசனை வருதே, யாரு செஞ்சது?” என்று கேட்டார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

எல்லோரும் பட்டும் படாமலும் விடைபெற்றார்கள். கடைசியாகப் படி இறங்கியவர் இரண்டு வீடு தள்ளி இருக்கும் டெய்சி அக்கா. தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருக்கிறவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

“இன்னா தம்பி இது? ஆண்டவருக்கு ஆயிரம் வேல கீது. உங்க வூட்டு மோட்டார் சுச்சு கூடவா அவரே பாத்துகினு இருக்கணும்?” என்றார். என் பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே வந்தேன். பிரிசில்லா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். ஐந்தாறு டம்ளர் துடைத்திருப்பேன். அப்போது மேலே மொட்டைமாடியில் இருந்து சத்தம்... தொட்டி நிரம்பி, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. விருந்தினர் வருகிறார்களே என்று நான்தான் மோட்டாரைப் போட்டிருந்தேன்.

“மோட்டார்” என்றாள். ஆண்டவரிடம் இல்லை, என்னிடம்.

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். வந்த வேகத்திலேயே கேட்டுவிட்டேன். “அஸ்தினாபுரம்... நிஜமாவே முடிவு பண்ணிட்டியா?”

“முடிவு பண்ணியிருந்தா எதுக்கு உங்க முன்னாடி ஜெபம் பண்றேன்? கண்ணத் தொறந்து ஏன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு பாத்தேன். ரெண்டு வாரமா பாத்தேன். படிவத்தக் கூட உங்க கண்ணுல படற மாதிரிதான் வெச்சேன்.”

“நீ அவர்கிட்டதானே சொன்ன? என்கிட்டயா சொன்ன?”

“நீங்க மட்டும் என்கிட்டயா பதில் சொன்னீங்க?”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே சோப்புக் கையோடு அழ ஆரம்பித்தாள். “தனியா வளக்கற மாதிரி இருக்குங்க எனக்கு” என்றாள். “எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றேன். ஒரே வீட்டில், ஒரே குழந்தையை, இரண்டு பேரும் தனித்தனியாக வளர்த்திருக்கிறோம்!

அப்புறம் சண்டை வந்தது. பெரிய சண்டை. மூன்று வருட பாக்கி அத்தனையும் அன்று வெளியே வந்தது. கூடத்துச் சோபாவில் கெசியா மிச்சக் கேசரிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாளோ என்று பக்கத்தில் போனேன். “நீங்க பேசுங்கப்பா” என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. படிவம் இன்னும் அதே பாட்டுப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, நிரப்பவும் இல்லை. ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு இல்லை. காலையில் அவள் கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன், கெசியாவை நடுவில் உட்கார வைத்து. போகிற வழியில் பாதி நாள் சண்டை. நேற்று, அந்த வெள்ளத்துப் படகு இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருக்கலாம் என்று நினைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன். இறங்கும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

குடும்ப ஜெபம் இப்போது நாலே நிமிடத்தில் முடிகிறது. அதில் மோட்டாரும் இல்லை, பேப்பர் கட்டும் இல்லை. நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, கெசியா முறை. பாஸ்டர் சொன்னதிலிருந்து அவள் மனப்பாட ஜெபத்தை விட்டுவிட்டாள்.

“இயேசப்பா, அப்பாவும் அம்மாவும் இப்ப நேராவே பேசறாங்க. தேங்க்ஸ். ஆனா ரொம்ப சத்தமா பேசறாங்க. வால்யூம் மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. ஆமென்.”

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஆமென் சொன்னோம்... மெதுவாகத்தான்!